இல்லாத கொடியைத் தைத்தவள்

சென்ற மாதம் ஒரு கல்லூரியில், காய வைத்த செடியைத் தாளில் தைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் யாராவது கூப்பிட்டால் ஊசியும் நூலுமாகக் கிளம்பிவிடுவேன். காட்டி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“மேடம், கருவேல மரத்தோட பேரையே மாத்திட்டாங்க. இப்ப மரபணுவைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் பிரிக்கிறாங்க. அப்போ நீங்க காலம் பூரா தைச்ச தாளெல்லாம் வேஸ்ட்தானே?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “பேரு மாறினா செடி மாறிடுமா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் போதாது என்று பட்டது. கேட்டவள் கெட்டிக்காரி. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய கதை வேறு. அது என் தவறைப் பற்றியது என்பதால் நாக்கு எழவில்லை. எழுத்தில் கொஞ்சம் தைரியம் வருகிறது.

எழுபதுகளின் நடுவில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் தாவர ஆய்வு அலுவலகம் இருந்தது. வேலை இதுதான்: சேலம், நாமக்கல், ராசிபுரம் சுற்றுவட்டாரத்தில் முளைக்கிற அத்தனையையும் சேகரித்து, காய வைத்து, இன்னதென்று பிரித்து, பெயரெழுதி அலமாரியில் அடுக்குவது. எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில். அப்பா ஜவுளிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தார். கன்னியாஸ்திரிகளிடம் பூத்தையல் கற்றவள் நான். “தையல் தெரிந்த ஆள் தேவை” என்று கேள்விப்பட்டு, ஏதோ யூனிஃபார்ம் தைக்கிற இடம் என்று நினைத்துப் போனேன். மேசைமேல் தும்பைச் செடியை வைத்து “இதைத் தையுங்க பாக்கலாம்” என்றார்கள். தைத்தேன். தற்காலிக வேலை கிடைத்தது. எனக்கு வரன் பார்க்க வந்தவர்களிடம் அம்மா “பொண்ணு செடி தைக்குது” என்று சொல்ல, அவர்கள் காபியோடு எழுந்துபோனது தனிக் கதை.

முதல் இரண்டு வருடத்தில் கற்றது இவ்வளவுதான். பறித்த செடியைச் செய்தித்தாள் மடிப்புக்குள் விரித்து, மரச்சட்டம் இரண்டுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். ஈரம் போகும்வரை தினமும் தாள் மாற்ற வேண்டும். காய்ந்ததை விஷக் கரைசலில் நனைத்து எடுத்து, கெட்டித் தாளில் ஒட்டி, தடித்த தண்டுகளை ஊசியால் தைத்து, முடிச்சைப் பின்பக்கம் போட வேண்டும். வலது கீழ்மூலையில் பெயர்ச்சீட்டு. உதிர்ந்த இலை, பூ, கொடி பற்றி ஏறுகிற சுருள் கம்பி எதையும் கொட்டக் கூடாது. காகிதத்தில் சின்ன உறை மடித்து, அதில் போட்டு, அதே தாளில் ஒட்ட வேண்டும். அந்துருண்டை வாசனை என் சேலையை விட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடப் போகாது. என் தையலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தண்டின் நிறத்துக்கே நூலெடுத்துத் தைப்பேன். பார்க்கிறவருக்குச் செடி தானாகத் தாளில் ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

எங்கள் அதிகாரி குமரேசன் சார். ராசிபுரம் பக்கத்தில் காடுதோட்டம் உள்ள குடும்பம். தம்பிமார்கள் பண்ணையம் பார்க்க, இவர் மட்டும் களைச்செடிக்குப் பெயர் தேடப் படித்தவர். “எங்கூட்டுல எல்லாரும் களையைப் புடுங்கறாங்க, நான் அதுக்குச் சம்பளம் வாங்கறேன்” என்பார். கடைநிலை ஊழியரில் தொடங்கி எல்லோருக்கும் “ங்க” போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் “ங்க” இரண்டு மடங்காகும். “ஏனுங்க அம்மிணிங்க, இந்த முடிச்சு என்னங்க இப்புடி இருக்குதுங்க” என்றாரானால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மடிப்புதான் திறந்திருக்க வேண்டும். எந்த மடிப்பிலிருந்து விழுந்தது என்று தெரியாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். “சந்தேகம்னா குப்பைங்க. நம்மளே முடிவு பண்ணிக்கப்படாது” என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். நான் இரண்டையும் ஒரே நாளில் மீறினேன்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தோட்டத்துக் கிளுவை முள்வேலியிலிருந்து கார்த்திகை மழையில் சேகரித்து வந்த கட்டு அது. அடுத்த பயணத்துக்கு முன்னால் அதை முடிக்க வேண்டும் என்று அவசரம். இரண்டு மடிப்புகளை ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஒன்றில் சொரசொர இலையோடு ஒரு கொடி. சாருடைய குறிப்பேட்டில் “முசுமுசுக்கை போல, பார்க்க வேண்டும்” என்று மட்டும் இருந்தது. சளிக்கு அரைத்து அடை சுடுவோமே, அந்த முசுமுசுக்கைதான். அதன் பூவெல்லாம் பொடியாக உதிர்ந்திருந்தது. இன்னொன்றில் ஐவிரலி. ஐந்து விரல் போல இலை பிரியும் வேலிக்கொடி, பூவும் காயுமாக இருந்தது. ஒட்டுவதற்குக் குனிந்தபோது, இரண்டுக்கும் நடுவில் மேசைமேல் இலையில்லாத சின்னக் கிளை ஒன்று கிடந்தது. நாலைந்து பூ, ஒரு மொட்டு, சுருண்ட பற்றுக்கம்பி ஒன்று. எல்லாம் அப்படியே முழுசாக இருந்தன.

எதிலிருந்து விழுந்தது? தெரியவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை. ஒருத்திக்கு நிறையப் பூ இருக்கிறது, இன்னொருத்தி மொட்டையாக நிற்கிறாள்; பூ இல்லாதவளுக்குத்தானே பூ வைக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். முசுமுசுக்கைத் தண்டின் ஒடிந்த நுனியில் அந்தக் கிளையைப் பொருத்தி, சேர்ந்த இடத்தின்மேல் மெல்லிய துணிப்பட்டை ஒட்டி, இரண்டு தையல் போட்டேன். இணைப்பு எனக்கே தெரியவில்லை. அன்று நான் தைத்ததிலேயே அழகான தாள் அதுதான். பிறகு அதை மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து சார் அந்தத் தாளை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு லென்ஸும் கையுமாக மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். மாலையில் என்னைக் கூப்பிட்டார்.

“அம்மிணி, இலை முசுமுசுக்கை மாதிரி. ஆனா பூக்காம்பு நீளமுங்க. பத்துக்கம்பி ரெண்டாப் பிரியுது, முசுமுசுக்கைக்குப் பிரியாது. இது புதுசாட்ட இருக்குதுங்க.”

சொல்லிவிட்டு லென்ஸை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டார். இவ்வளவு வருட வேலையில் அவர் ஒரு புதுச் செடிக்கும் பெயர் வைத்ததில்லை. சமவெளியில் புதுசு எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் காலத்திலேயே எண்ணி முடித்துவிட்டார்கள் என்று மலைக்காடுகளில் சேகரிக்கிற எங்கள் இன்னொரு அலுவலகத்துக்காரர்கள் அவரைக் கேலி பேசுவார்கள். மறு பொங்கல் கழிந்ததும் அவருக்கு ஓய்வு.

இந்தப் பெயர் வைக்கிற விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு செடிக்கு உலகம் முழுவதற்கும் ஒரே பெயர், லத்தீனில், இரண்டு சொல்லாக. முதல் சொல் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். இரண்டாவது அந்தக் கூட்டத்தில் அது யார் என்று சொல்லும். புதுப் பெயர் வைக்கிறவர் லத்தீனில் விவரம் எழுதினால் மட்டும் போதாது. ஒரே ஒரு காய்ந்த செடியைக் காட்டி, “நான் சொன்னது இதைத்தான்” என்று கைநீட்ட வேண்டும். அதற்கு மூலத்தாள் என்று பெயர். நூறு வருடம் கழித்து எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தாளாக என் தாள் ஆகப்போகிறது என்றதும் நான் தரையில் நிற்கவில்லை. பங்குச் சாமியார்வரை எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

ஒரு வருடம் சார் அதிலேயே கிடந்தார். காய்ந்த செடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் வெளிநாட்டுக் கூடங்களுக்குக் கடிதம் எழுதி, பழைய தாள்களின் படங்களை வரவழைத்து ஒப்பிட்டார். ஒரு பூவை மட்டும் வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்து, உள்ளே உள்ளதை வரைந்தார். என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தபோது, “நாமகிரிப்பேட்டையைச் சேர்த்தா வெள்ளைக்காரனுக்கு நாக்கு சுளுக்கிக்குமுங்க. சேலம்னே வெச்சுக்கலாம்” என்று சிரித்தார். ஐப்பசியில் கட்டுரை முடிந்தது. திங்கட்கிழமை தபாலில் போக வேண்டும். அதோடு, அன்றே அதே வேலியில் சேர்த்துப் பறித்து அதே சேகரிப்பு எண் போட்டிருந்த மறுபிரதி ஒன்றையும் தைத்து எங்கள் துறையின் பெரிய கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை முற்பகல் மறுபிரதி மடிப்பைத் திறந்தேன். மூன்று கொடிகள் இருந்தன. பூ இல்லை. ஆனால் பற்றுக்கம்பிகள் உடையாமல் இருந்தன, ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. மூலத்தாளை எடுத்து, அதில் நான் ஒட்டிய உறையைத் திறந்து, உதிர்ந்த கம்பிகளை உள்ளங்கையில் கொட்டினேன். எல்லாமே ஒற்றைக் கம்பி. பிரிந்த கம்பி, நான் தைத்த அந்தச் சின்னக் கிளையில் மட்டும்தான். பக்கத்து எண்ணான ஐவிரலியை எடுத்தேன். அதில் எல்லாக் கம்பியும் இரண்டாகப் பிரிந்திருந்தது. பூக்காம்பும் அதே நீளம்.

சார் ஊருக்குப் போய்விட்டார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த இணைப்பைக் கண்டுபிடிக்க என்னைப் போல இன்னொரு தையற்காரிதான் வர வேண்டும். சொன்னால் அவருடைய ஒரே செடி போய்விடும். என்னை நிரந்தரமாக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். அப்பாவுக்குக் கண் மங்கி மெஷின் நின்றுபோயிருந்த சமயம் அது. அன்று சாயந்தரம் செய்த பாவத்தைச் சொல்ல, கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். திரைக்குப் பின்னால் இருந்த சாமியாரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, “ஆனா நீ சொல்ல வேண்டியது என்கிட்ட இல்லையேம்மா” என்றார்.

திங்கட்கிழமை காலை சார் பழுப்புக் காகிதத்தில் கட்டிய பொட்டலத்தோடு வந்தார். அங்கே திரை எதுவும் இல்லை.

“சார், அந்தப் பூ அந்தக் கொடியோடது இல்லை சார். மேசையில கிடந்துச்சு. எதுலேர்ந்து விழுந்ததுன்னு தெரியாம நான்தான் சேர்த்துத் தச்சேன்.”

அவர் பொட்டலத்தை மேசையில் வைத்தார். நான் இரட்டை “ங்க”வுக்குக் காத்திருந்தேன்.

“எப்பத் தெரிஞ்சுது, சாமி?” என்றார்.

அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல “சாமி” என்றிருந்தார், அதில் ஒரு “ங்க”கூட இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தாளைக் கொண்டுவரச் சொன்னார். பட்டையின்மேல் நனைந்த பஞ்சை வைத்து ஊற விட்டார். கத்தரிக்கோலை என்னிடம் நீட்டி, “நீங்க போட்ட தையல், நீங்களே பிரிங்க” என்றார். இரண்டு தையலை அறுத்தேன். கிளை தனியாக வந்தது. லென்ஸில் பார்த்தார். இந்தப் பக்கத் தண்டு முழுக்கச் சொரசொர முடி. அந்தப் பக்கத் தண்டு வழுவழுப்பு. பட்டைக்கு அடியில் அதைத்தான் மறைத்திருந்தேன்.

“செரி, நாமகிரிப்பேட்டைக்குப் போலாமுங்க” என்றார்.

“அதான் தெரிஞ்சிடுச்சே சார்?”

“ஒருக்கா உங்க தையலை நம்பித்தான் ஒரு வருசம் போச்சு. இன்னைக்கு உங்க பேச்சை மட்டும் நம்போணுமா? செடியைப் பாக்கோணுமுங்க.”

சொல்லும்போது இலேசாகச் சிரித்தார். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவேளை அப்படி ஒரு கொடி நிஜமாகவே அங்கே இருக்கும் என்று அவர் மனத்தின் ஓரத்தில் ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும். எனக்கும் இருந்தது. வழி நெடுக வேண்டிக்கொண்டே போனேன்.

அதே வேலி. தோட்டத்துக்கார அம்மாள் பாவாயி எங்களை மறக்கவில்லை. “போன வருசம் செடிக்குப் பேப்பர் போர்த்திக்கிட்டுப் போனவீங்கதானுங்க?” என்றார். வேலி நெடுகிலும் இரண்டு மணி நேரம் தேடினோம். முசுமுசுக்கையும் ஐவிரலியும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு கிளுவைமேல் ஏறியிருந்தன. ஒவ்வொன்றையும் வேர்வரை பிரித்துப் பார்த்தோம். என் கையெல்லாம் முள் கீறிவிட்டது. மூன்றாவதாக ஒரு கொடி இல்லவே இல்லை.

“அது ரெண்டும் எப்பவும் சேர்ந்துதான் ஏறுமுங்க,” என்றார் பாவாயி அம்மாள். “பிரிச்சு எடுக்கறதுக்குள்ள சீவன் போயிரும். அப்புடி என்னத்தைத் தேடறீங்க?”

“இல்லாத ஒண்ணைத் தேடறோமுங்க,” என்றார் சார்.

அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, வெயிலில் நின்ற எங்களைத் தோட்டத்துச் சாளைக் குடிசைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து அடை சுட்டுக் கொடுத்தார். முசுமுசுக்கை அடை. சார் முதல் துண்டைப் பிய்த்து, “இதுக்குச் சேலத்துப் பேரை வெச்சு அலமாரியில பூட்டியிருந்தோமுன்னா இதைத் திங்க முடிஞ்சிருக்குமுங்களா?” என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொட்டலம் தபாலுக்குப் போகவில்லை. மூலத்தாளைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதில் இன்னொரு சீட்டு ஒட்டினார்: “இரண்டு செடிகளின் கலப்பு. புதிது என்று தவறாகக் கருதியவர் குமரேசன்.” என் பெயரை எங்கும் எழுதவில்லை. நான் கேட்டதற்கு, “தச்சது நீங்க, நம்புனது நானுங்க. நம்புனவன் பேருதான் வரோணும்” என்றார்.

மறுநாள் காலை நான் வந்தபோது முதல் அலமாரி திறந்து கிடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தைத்த தாள்களை எண் வரிசையில் மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார். இதுபோல மொத்தம் மூன்று அலமாரி இருந்தது. எந்தத் தாளிலெல்லாம் துணிப்பட்டை ஒட்டி இணைப்பு வைத்திருக்கிறேனோ, அதையெல்லாம் நனைத்துத் திறந்து, லென்ஸில் பார்த்து, குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும் என்றார். ஐப்பசியில் தொடங்கினோம். ஓய்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. கடைசி மாதங்களில் ஏர்க்காட்டு அடிவாரத்தில் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்த இடங்கள் பல இருந்தன. அங்கே நிஜமாகவே ஒரு புதுசு கிடைத்திருக்கலாம். அவர் போகவில்லை. காலை முதல் மாலை வரை எனக்கு எதிரே உட்கார்ந்து என் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். சரியாக இருந்தால் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக். நான் மறுபடி தைப்பேன்.

வேறு இரண்டு தாள்களில் தவறு அகப்பட்டது. ஒன்றில் இலை, இன்னொன்றில் காய். இரண்டையும் திருத்தினோம். அவர் நிதானமாகச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“சார், எனக்கு இது தண்டனையா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏனம்மிணி, ஒரு தாளு தப்புன்னு சீட்டு ஒட்டியாச்சு. நான் போன பொறவு வர்றவரு அதைப் படிப்பாரு. ஆரு தச்சதுன்னு கேப்பாரு. அப்புறம் இந்த மூணு அலமாரியில எதை நம்புவாரு? எல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டு, உங்களையும் ஊட்டுக்குப் போகச் சொல்லிருவாரு. என் டிக்கு இருந்தா கேக்க மாட்டாருங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவர் அறிவியலுக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதுவும்தான். ஆனால் பாதிக்குமேல் எனக்காக. அவருடைய ஒரே செடியை இல்லாமல் செய்தவளுக்காக.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம் கடைசித் தாளில் டிக் போட்டார். என் நிரந்தரக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மாலையில் ஒரு ரோஜா மாலை, ஒரு குரூப் போட்டோ, மிக்சர், காபி. பேசச் சொன்னதற்கு, “களை வெட்டறதுக்குப் போறேனுங்க, அப்பப்ப வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ராசிபுரம் பஸ் ஏறினார்.

புதிதாக வந்த அதிகாரி கண்டிப்பானவர். முதல் வாரமே அந்தக் கலப்புத் தாள் அவர் கையில் அகப்பட்டுவிட்டது. “இது யார் தைத்தது?” என்றார். நான்தான் என்றேன். என் தாள்களை அலமாரியிலிருந்து கத்தை கத்தையாக இறக்கினார். ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்துப் பென்சில் டிக்கைப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பினார். இருபது முப்பது தாள் திருப்பியிருப்பார். பிறகு எல்லாவற்றையும் அவரே அடுக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

குமரேசன் சார் பெயரில் உலகத்தில் ஒரு செடியும் இல்லை. நான் அந்த மேசையில் இன்னும் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தேன்.